ஒன்பதாம் எண் ஜெர்சிக்கு இரண்டு புள்ளி

கூடைப்பந்து விதிப்படி, ஒருவர் தவறிப்போய்த் தாம் காக்க வேண்டிய கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால், அந்த இரண்டு புள்ளியை எதிரணித் தலைவர் பெயரில் எழுத வேண்டும். சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த பேருந்தில், முன் இருக்கையில் ஒன்பதாம் எண் ஜெர்சி போட்டிருந்த கல்லூரிப் பெண் பேசியதைக் கேட்டபோது, கணக்கு எழுதியவர் அதைப் படித்ததில்லை என்று தெரிந்தது.

“ஒரு வருஷமா பெஞ்சத் தேச்சிகினு இருந்துட்டு, இன்னிக்கிதான்டி மொதோ பாயிண்ட் போட்டேன். அதுவும் நம்ம கூடையிலயே.”

“ஷீட்டுல உன் பேர்லதானே ஏத்திக்கிறாங்க,” என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

“மேட்ச்சுக்கு வராத கோச் சாரு அத்தப் பாத்துட்டு, ‘சபாஷ், அடுத்த மேட்ச்ல மொதோ அஞ்சு பேர்ல நீ’ன்னு மெசேஜ் போட்டுக்கிறாரு.”

“அப்புறம் இன்னா? கம்முனு ஆடு.”

“நடந்தத எழுதி அனுப்பிட்டேன்டி. சின்னசேலமே தாண்டிடுச்சி, இன்னும் பதிலக் காணோம்.”

“போச்சு. மறுபடியும் தண்ணி பாட்டில் தூக்கு.”

“அத்தயும் எதிர் டீமுக்குக் குடுத்துத் தொலைப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வண்டி கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது பதில் வந்தது. தோழி பிடுங்கி உரக்கப் படித்தாள்: “வீடியோ பாத்தேன். கை சரியா இருக்கு. எந்தப் பக்கம்னு நான் சொல்லித் தரேன். நீதான் ஆடற.”

இப்படியொரு கடிதம் அரசு அலுவலகத்தில் என் மேசைக்கு வந்திருந்தால், அதற்கு விளக்கம் கேட்டே ஒரு மாதம் இழுத்திருப்பேன். இங்கே பதில் வந்தது அனுப்பிய அன்றே. அதுவும் சனிக்கிழமை, விடுமுறை நாள்.