மலரக்காவின்ர கலியாணச் சட்டை

நடக்கிறம். உச்சி வெயில். பின்னாலை இயக்கக்காரன் ஒருத்தன் கத்துறான்: "நிக்காதை! நட! நட!" துவக்குப் பிடி என்ர தோளில இடிக்குது. எனக்குப் பதினொரு வயசு. தம்பி நிசாம் உம்மாவின்ர இடுப்பில. நாலு வயசு. அவனுக்கு முட்டு வருத்தம். மூச்சு விசில் அடிக்குது.

அண்டைக்குக் காலமை பத்தரைக்கு இயக்கத்தின்ர ஸ்பீக்கர் கத்தினது. முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேணும். ஒண்டும் கொண்டு போகேலாது. ரெண்டு தரம் சொன்னது. பிறகு ஒரு இரைச்சல். பிறகு ஒழுங்கையில ஒரு சத்தமும் இல்லை.

வாப்பா தையல்காரர். எங்கட ஒழுங்கையில சைவக்காரர், வேதக்காரர் எல்லாருக்கும் அவர்தான் தைச்சவர். உம்மா அழுதழுது உடுப்புக் கட்டுறா. இவர் கதிரையில இருந்து பக்கத்து வீட்டு மலரக்கா கூறைச் சீலைக்குப் போடுற கலியாணச் சட்டைக்குக் கொக்கி தைக்கிறார்! அடுத்த கிழமை அவவுக்குக் கலியாணம். வாங்கின வேலையை அரைகுறையா விட்டிட்டுப் போகேலாதாம். கடைசிக் கொக்கிக்குக் கீழை சிவப்பு நூலால ஒரு முடிச்சு. எல்லாச் சட்டைக்கும் அப்பிடித்தான் முடிப்பார். விசர் மனுசன். எனக்கு இண்டைக்கும் கோவம் ஆறேல்லை.

சட்டையைக் குடுக்க நானும் கூடப் போனன். முற்றத்தில அவையின்ர வான் நிண்டது. மகன் நடந்தால் தாங்கான் அண்ணை, யாழ்ப்பாணம் தாண்டி விட்டால் போதும் எண்டு வாப்பா கெஞ்சினார். மலரக்காவின்ர அப்பா சட்டையை வாங்கினார். "பெற்றோல் இல்லை, தம்பி." கேற்றைச் சாத்தினார். நான் அதை நம்பினன்.

ரெண்டாம் நாள் பின்னேரம். றோட்டோர மரத்துக்குக் கீழை இருக்கிறம். விசில் சத்தம் நிண்டது. அப்பாடா, நித்திரையாகிட்டான் எண்டு சந்தோசப்பட்டன். உம்மா குளறி அழத் தொடங்கினா.

இப்ப வெளிநாட்டில, ஸ்காபரோவில ஒரு பிளாசாவுக்குள்ளை தையல் கடை வைச்சிருக்கிறன். போன மாசம் ஒரு அன்ரி வந்தா. மகளுக்குக் கலியாணமாம். தன்ர கலியாணச் சட்டையை மகளுக்கு அளவாக்கித் தரட்டாம். பிரட்டிப் பார்த்தன். கொக்கிக்குக் கீழை சிவப்பு முடிச்சு. பேரைக் கேட்டன். மலர்.

ஊரில தங்கமான ரெயிலர் ஒருத்தர் தைச்சதாம். "பாவம், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாரும் போயிட்டினம்" எண்டா. கலியாணக் கதையும் சொன்னா. பொம்பிளை மாப்பிள்ளையை அப்பாதான் வானில கொண்டு போனவராம். கலியாணத்துக்கெண்டு ரெண்டு கலன் பெற்றோல் முதலே ஒளிச்சு வைச்சிருந்தவராம். சிரிச்சா.

"ஸ்பீக்கரில சொன்னவை, மலரக்கா. உங்கட வீட்டுக்கும் கேட்டது."

அவ என்ர முகத்தையே பார்த்தா. பிறகு மெதுவாக் கேட்டா: "நிசாம் எங்கை இருக்கிறான்?"

சனிக்கிழமை வந்து எடுக்கச் சொன்னன். சட்டையைத் தைச்சும் முடிச்சன். வாப்பாவின்ர முடிச்சைக் கழட்டேல்லை. நானும் விசரிதான்.

அவவுக்குச் சொல்லாததை இஞ்சை சொல்லுறன். போனது வீடு ஒண்டு. தையல் மெஷின் ரெண்டு. வாப்பா, உயிரோடை இருந்தும் பிறகு ஊசி தொடேல்லை. நிசாம், நாலு வயசு. அந்த ஒழுங்கையில தப்பினது சட்டை ஒண்டு, பெற்றோல் ரெண்டு கலன்.