கண்ணுக்கு ஒரே எழுத்து

மணி மூணே கால், மிச்சம் இருக்கறது ரெண்டு சீட்டு, பேரு கொர்னேலியா ஷிஷ்கோவா. சரிதானே? அப்புறம் ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்கம்மா. நாலு மணிக்குத்தான் பூட்டுவேன். மனு வாங்கற கடைசி நாளுதான், இல்லேங்கல. ஆனா காலையிலேருந்து உங்களுக்கு முன்னாடி வந்தது ஒரே ஒருத்தரு. அவரும் பல் டாக்டர் வீடு எங்கன்னு கேக்க வந்தவரு.

ஆமா, இது சேர்க்கையோட மூணாவது சுத்து. ஜூலையில வந்திருந்தா கூட்டம் அள்ளிக்கிட்டுப் போகும். இப்ப ஈ ஓட்டறேன். மூச்சு வாங்குதே, மொன்தானா ஊரு பஸ்ஸா? அது என்னிக்கு நேரத்துக்கு வந்துச்சு. தண்ணி குடிங்க. வெளிய மணக்குதே, அது எங்க வாட்ச்மேன் மொளகா சுடறாரு. குளிர்காலத்துக்கு ஊறுகாய் போடறதுக்கு இந்தக் கல்லூரி கரண்டுதான் அவருக்கு வசதி. யார் கிட்டயும் சொல்லாதீங்க.

சரி, காகிதத்த எடுங்க. நான் வெனெதா. பசங்க வெனெதா அத்தைன்னு கூப்பிடுவாங்க, முதுகுக்குப் பின்னால வேற என்னவோ சொல்லுவாங்க. முப்பத்தோரு வருஷமா இந்தச் சேர்க்கைப் பிரிவுதான். இந்த மேசை புதுசு. முன்னாடி அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் இருந்துச்சு, பாருங்க, பூசி மூடின தடம் தெரியுதா? இடுப்பு உயரத்துல. கேக்கறவங்க குனிஞ்சுதான் கேக்கணும். எனக்கு யார் மொகத்தையும் பாக்க வேண்டிய அவசியமே இருந்ததில்ல. தலையும் ரெண்டு கையும் தெரியும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட டிப்ளமா, அசல். நாலா மடிச்சு, மடிச்ச எடத்துல வெளுத்தே போச்சு. எங்கம்மா வெச்சிருந்தீங்க இத? சரி விடுங்க. கணக்குல ஆறுக்கு அஞ்சே முக்கால். அடேயப்பா. எங்க வாத்தியாருங்கள உக்கார வெச்சுப் பரீட்சை எழுதச் சொன்னா பாதிப் பேருக்கு இது வராது. இந்த மார்க்குக்கு நுழைவுத் தேர்வே வேண்டாம், மூணாவது சுத்துல பள்ளி மார்க்கே போதும்.

டாக்டர் சான்று. மார்ச் ரெண்டாம் தேதி வாங்கினது. ம். ஆறு மாசம்தான் செல்லும். போன வாரத்தோட முடிஞ்சுபோச்சே. இல்ல, எந்திரிக்காதீங்க, டாக்டர் வீட்டுக்கு ஓடிட்டு வரதுக்குள்ள மணி ஆறு ஆயிடும். நான் கண்ணாடி போடாம பாத்தேன்னு வெச்சுக்கோங்க. எழுத்து சரியாத் தெரியல. போட்டோ நாலு வேணும், மூணு இருக்கு. மூணு போதும்.

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? இந்த ஊர்ல ஒருத்தர் ஒண்ணு விட்டுக் குடுத்தா உடனே எல்லாருக்கும் பயம் வந்துடுது. லஞ்சம் எல்லாம் ஒண்ணும் வேண்டாம். மனுவுக்கு இருபது லெவா, அதுக்கும் ரசீது தருவேன்.

படிவத்துல எழுதறேன். கொர்னேலியா, ஸ்பிரிதோனோவா, ஷிஷ்கோவா.

அப்பா பேரு எனக்கு எப்படித் தெரியும்னா, இதோ டிப்ளமாவுல... ஓ, மடிப்புல அழிஞ்சிருக்கா. நீங்களும் சொல்லலையா? அப்ப ஊகம்தான். முப்பத்தோரு வருஷம் பேரு எழுதினா மூஞ்சியப் பாத்தே அப்பா பேரு வந்துடும். மேல போவோம்.

வேலை என்ன? கடைகள்ல கல்லா மெஷின் ரிப்பேரா. அதான் விரல் நுனியெல்லாம் சூடு பட்ட தழும்பு. எத்தன வருஷமா? பன்னெண்டு வருஷம். அட, அப்ப நீங்கதான் பாடம் எடுக்கணும். புரியுது, புதுசா வந்த முதலாளி காகிதம் கேக்கறாரு. கை வேலை தெரிஞ்சா போதாது, கல்லூரி டிப்ளமா இருக்கறவங்கதான் இனிமே மெஷினத் தொறக்கலாம், இல்லேன்னா படிச்சுக்கிட்டிருக்கேன்னு பதினஞ்சாம் தேதிக்குள்ள சான்று. இல்லேன்னா? இல்லேன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரா. அடுத்தவன் அடிச்ச ஆணிய எல்லாம் பன்னெண்டு வருஷம் பிடுங்கினவள, வாசல்ல நிறுத்திக் காகிதம் கேக்கறாரு. சரி, சான்று இன்னிக்கே கைல வரும், கவலப்படாதீங்க.

என்னென்ன படிக்கணும்னு கேளுங்க, அதத்தான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க, நீங்க கேக்கவே இல்ல. மூணு வருஷம். வேலைக்குப் போறவங்களுக்கு வியாழன், வெள்ளி, சனி. மொத வருஷம் உயர்கணிதம், இயற்பியல், மின்சுற்று. உயர்கணிதத்துல பாதிப் பேரு விழுவாங்க, நீங்க விழ மாட்டீங்க. மின்சுற்று எடுக்கறவரு குர்தொவ். சாலிடர் வைக்கற அறைக்குள்ள போறப்ப விரல எண்ணுவாரு, வெளிய வரப்பவும் எண்ணுவாரு. உங்க கையப் பாத்தா அவரு எந்திரிச்சு வணக்கம் வெச்சாலும் வெப்பாரு. அப்புறம் நிரல் எழுதற பாடம். ரெண்டாம் வருஷம் நுண்செயலி, இயங்குதளம், வலையமைப்பு. கேபிள் இழுத்து, முனை அடிச்சு, இந்தக் கட்டடத்துலயே பழகிக்கணும். எங்க இன்டர்நெட் ஏன் இப்படி இருக்குன்னு இப்பப் புரியுதா? மூணாம் வருஷம் தரவுத்தளம், பாதுகாப்பு, ஒரு கம்பெனியில பயிற்சி, கடைசியில ஒரு ப்ராஜெக்ட். அத மூணு வாத்தியாருங்க முன்னால நின்னு வாதாடணும். ஒருத்தரு தூங்குவாரு, ரெண்டு பேரத்தான் சமாளிக்கணும்.

நான் படிச்சேனா? நான் எங்க படிச்சேன். தட்டெழுத்துப் பள்ளிக்கூடம்தான். ஆனா மொத வருஷப் புஸ்தகத்துல ஒரே ஒரு பாடம் எனக்கு மனப்பாடம். எழுத்துக்குறி. மெஷினுக்கு எழுத்தே தெரியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணு, அதத்தான் வெச்சுக்கும், அப்படின்னு. வாங்கிப் படிச்சேன். ஏன்னு கேட்டா, சொல்றேன்.

மொதல்ல ஒரு வேலை பண்ணுங்க. இந்த விசைப்பலகைய உங்க பக்கம் திருப்பறேன். உங்க பேர நீங்களே அடிங்க. ஆமா, விதிப்படி நான்தான் அடிக்கணும். நீங்க அடிங்க. அடிக்கறதுக்கு முன்னால கீழ ஓரத்துல பாருங்க, பல்கேரியன்னு இருக்கா, லத்தீன்னு இருக்கா? பல்கேரியன். நல்லாப் பாத்தீங்களா? அடிங்க. மெதுவா.

ஏன்னா இது நம்ம ஜனங்களுக்கு மட்டுமே வர வியாதி. நம்ம பல்கேரிய எழுத்து ஒரு பக்கம், லத்தீன் எழுத்து ஒரு பக்கம், ஒரே விசையில ரெண்டும் குடியிருக்கு. அதுல சிலது அச்சு அசல் ஒரே மாதிரி. க ஒலி எழுத்து K-வப் பாருங்க, ரெண்டுலயும் ஒண்ணுதான். ஓ ஒலி எழுத்து O, ரெண்டுலயும் வட்டம். கண்ணுக்கு வித்தியாசமே கிடையாது. மெஷினுக்கு அது வேற எண்ணு, இது வேற எண்ணு. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி கூட இல்ல, வேற வேற ஊரு.

ஒரு வருஷம் நானூத்துப் பத்து மனு. ஜூலை வெயில். மனு போட்டவங்க பட்டியல நான் அடிக்கறேன், தேர்வு மார்க்க மேல்மாடியில இன்னொரு அம்மா அடிக்கறாங்க. ரெண்டையும் மெஷின் பேர வெச்சு சேக்கும். இப்ப அடையாள எண்ண வெச்சு சேக்குது, அப்பப் பேருதான். ஒரு கையில பனித்ஸா, சீஸ் வெச்ச ரொட்டி, இன்னொரு கையால அடிக்கறேன். ஒரு பேரு. மொத ரெண்டு எழுத்து அடிச்சுட்டேன், மூணாவது எழுத்து வந்தப்பத்தான் லத்தீன்ல விழுதுன்னு கண்ணுக்குத் தெரியுது. அடடா, மொழி மாத்தலையேன்னு மூணாவத மட்டும் அழிச்சுட்டு, மாத்திட்டு, மிச்சத்த அடிச்சேன். மொத ரெண்டு பாக்கறதுக்குச் சரியாத்தானே இருந்துச்சு, அத எதுக்கு அழிக்கணும்? அவ்வளவுதான் நடந்துச்சு. ரெண்டு எழுத்து லத்தீன்லயே நின்னுபோச்சு.

மெஷின் பாத்துச்சு. என் பட்டியல்ல இருக்கற பேருக்கு மேல்மாடியில மார்க்கு இல்ல. மேல்மாடியில இருக்கற மார்க்குக்கு என் பட்டியல்ல பேரு இல்ல. ரெண்டையும் தூக்கிப் போட்டுடுச்சு. சத்தம் போடல, மணி அடிக்கல. மெஷினுக்கு என்ன, அது பாட்டுக்கு வேலையப் பாத்துச்சு.

அந்தப் பொண்ணு வந்துச்சு. பத்தொம்போது வயசு இருக்கும். பலகையில ரெண்டு தடவ பட்டியல படிச்சுட்டு, ஜன்னல்ல குனிஞ்சு, அக்கா, என் பேரு இல்லியேன்னுச்சு. நான் தேடினேன். சரியான எழுத்துல அடிச்சுத்தான் தேடினேன், அதனாலயே அது வரல. கைல ரசீது வெச்சிருந்துச்சு, நான் குடுத்த ரசீது, என் கையெழுத்து. அதப் பாத்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? மெஷின் இல்லேன்னு சொன்னா இல்லதான், பொண்ணே. அடுத்தவங்க நிக்கறாங்க, நகரு. பின்னால நாப்பது பேரு. அது சண்ட போடல. அழுதிருந்தாலாவது நிமிந்து பாத்திருப்பேன். ரசீத நாலா மடிச்சுப் பையில வெச்சுச்சு, கை மட்டும் தெரிஞ்சுது. போயிடுச்சு.

அடிச்சுட்டீங்களா. காட்டுங்க. சரியா இருக்கு. நீங்க ஒரு தடவ படிங்க. இன்னொரு தடவ. சரி, பொத்தான அழுத்துங்க. அந்த அச்சு மெஷின் கொஞ்சம் இருமும், பயந்துடாதீங்க.

எப்பத் தெரிஞ்சுதுன்னா, அக்டோபர் ஒம்போது, வியாழக்கிழமை. பழைய பட்டியல எல்லாம் கட்டி உள்ள வைக்கணும்னு அகர வரிசையில போடச் சொன்னேன் மெஷின. பாத்தா, க வரிசைப் பேரு ஒண்ணு தனியா மொத வரியில உக்காந்திருக்கு. அ வரிசை அதுக்குக் கீழதான் ஆரம்பிக்குது. ஏன் மேல போச்சு? லத்தீன் எண்ணு சின்ன எண்ணு, அதான். எனக்கு அப்ப அது தெரியாது. அந்த ரசீதுல இருந்த பேருன்னு மட்டும் தெரிஞ்சுது. மேல்மாடிக்குப் போயி மார்க்க வாங்கிப் பாத்தேன். முப்பது சீட்டுக்கு நாலாவது எடம்.

வகுப்பு ஆரம்பிச்சு மூணு வாரம் ஆயிருந்துச்சு. சேத்திருக்கலாம். கல்லூரி டைரக்டர் கிட்டப் போயி, நான்தான் பண்ணேன்னு ஒரு வாக்கியம் சொன்னா போதும். வேலை போயிடும்னு நெனச்சேன். போயிருக்காது, இப்ப யோசிச்சா, ஒரு திட்டு, ஒரு மாசம் மொகத்த தூக்கி வெச்சுக்கிட்டிருப்பாரு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு போன் பண்ணேன். ஒரு ஆம்பளக் குரல், ஸ்பிரிதோன் பேசறேன்னாரு. நான் வெச்சுட்டேன். மறுபடி பண்ணல.

இந்தாங்க, வந்துடுச்சு. முத்திரை வெச்சாச்சு, இது சேர்க்கைச் சான்று, முதலாளிக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. எண் இருபத்தொம்போது. அமைச்சகத்துக்கும் போயிடுச்சு. இனிமே நானே நெனச்சாலும் இத அழிக்க முடியாது. அதுக்குத்தான் இது மொதல்ல முடியட்டும்னு பாத்தேன்.

அந்தப் பொண்ணு என்ன ஆச்சா? கல்லா மெஷின் ரிப்பேர் பண்ணுதாம். பன்னெண்டு வருஷமா. நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உக்காருங்க. இல்ல, நிக்கணும்னா நில்லுங்க. இந்த உறையில ரெண்டு தாளு இருக்கு, 2008-ம் வருஷப் பட்டியல் ஒண்ணு, மேல்மாடி மார்க்கு ஒண்ணு. வருஷா வருஷம் மனுக் கட்டுல இந்தப் பேரு வருதான்னு பாத்துக்கிட்டு, இதே இழுப்பறையில வெச்சிருந்தேன். உங்களோடது, எடுத்துட்டுப் போங்க. புகார் எழுதணும்னா மேல்மாடி, ஆறாம் நம்பர் அறை, திங்கக்கிழமை தொறப்பாங்க. படிவம் இதோ. என் முழுப் பேரையும் மேல எழுதியே வெச்சிருக்கேன், எழுத்துப் பிழை வந்துடக் கூடாது பாருங்க. நான் இந்த மாசம் முப்பதாம் தேதி ஓய்வு பெறறேன், அதுக்குள்ள குடுத்தா நல்லது.

இருபது லெவாவுக்கு ரசீது இந்தாங்க. இத மடிக்காதீங்க.

வகுப்பு 2022 செப்டம்பர் பதினஞ்சு, வியாழக்கிழமை, காலையில எட்டு மணிக்கு, பன்னெண்டாம் நம்பர் அறையில ஆரம்பிக்குது.