சுத்தமான இன்ஜின் சத்தம்

ஜெயராஜுதான், வேற யாரு. மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது அவன்தான். மத்தவங்கல்லாம் அவனுக்கு அப்புறம்தான். உங்க பைக்குள்ள தெரியுதே அந்த டிஸ்க்கு, மேல இன்ஜின் படம் போட்டது, அத பிரிக்பீல்ட்ஸ்ல அவன் வீட்டுலதான வாங்குனீங்க? அட்டையப் பாத்தவொடனே தெரிஞ்சிருச்சு. அதான் கேக்காமலே பக்கத்துல வந்து உக்காந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க இந்த ரயில்ல எங்க, ஷா ஆலம்லதான எறங்குறீங்க? நான் கிள்ளான். நேரம் இருக்கு.

அதுல வர்ற படம் எனக்குச் சொந்தமானது. நான் எடுக்கல லா, எனக்கு கேமராவப் புடிக்கக் கூடத் தெரியாது. நான் ரயில்வேல பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தத் திருப்பி விடுற வேல. கையில ஒரு பச்சக்கொடி, ஒரு செவப்புக்கொடி. ஒரு வெள்ளைக்காரன் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்க யார்டுக்கு வந்துருவான். பொண்டாட்டி புள்ளைங்கள ஓட்டல்ல உட்டுட்டு, வேர்த்து வழிய நின்னு இன்ஜினப் படம் எடுப்பான். பைத்தியம்னு நெனச்சோம். அப்புறம் பாத்தா அவன் எடுத்தத ஒரு கேசட்டுல போட்டு எனக்குத் தபால்ல அனுப்பியிருக்கான். உள்ளங்கையில அடங்குற கேசட்டு. அதப் போட்டுப் பாக்குற மெஷினுக்கு நான் எங்க போறது? வேலைக்குப் போனாலும் இன்ஜின், வீட்டுக்கு வந்தாலும் இன்ஜினா? மைலோ டின்னுல போட்டு அலமாரி மேல வெச்சேன். அதோட மறந்தாச்சு.

இந்த ஜெயராஜு எங்க கோட்டர்ஸ்ல வளந்தவன். பக்கத்து வீட்டு கிளார்க்கு மகன். சாயங்காலம் ஆனா எங்க வீட்டு டீ இல்லாம அவனுக்கு ஆகாது. இப்பப் பெரிய ஆளு. பழைய ரயில் படம் எங்க கெடச்சாலும் வாங்கித் தொடச்சு, டிஸ்க்கு போட்டுருவான். ஞாயித்துக்கெழம அவன் ஹால்ல உக்காந்து பாப்பீங்களே, நீங்களும் போறவருதான? நானும் ஒருக்கா போனேன். இன்ஜின் வர்றப்ப எல்லாருமா கண்ண மூடிக்கிட்டானுங்க. படம் பாக்க வந்துட்டு எதுக்குப்பா கண்ண மூடுறீங்கன்னு கேட்டேன். உஷ்ஷுன்னு அத்தன பேரும் திரும்பி என்னைய மொறைக்கிறானுங்க. சத்தத்தக் கேக்குறாங்களாம். கோயில்ல சாமி முன்னாடி கூட இப்படி நிக்கமாட்டானுங்க. சிரிக்காதீங்க, நீங்களும் அதுல ஒருத்தருதான்.

அதான உங்க கூட்டத்துச் சட்டம். ரயில் சத்தத்துல மனுசக் குரல் கலக்கக் கூடாது. ஒருத்தன் இருமுனா கூட படம் கெட்டுப்போச்சு. அந்த வெள்ளைக்காரனும் அதே ஜாதி. கேமராவத் தூக்குனான்னா எங்களப் பாத்து வெரல வாயில வெப்பான்.

கேசட்ட ஜெயராஜ்கிட்ட நானேதான் கொண்டு போய்க் குடுத்தேன். டேய், இத டிஸ்க்குல போட்டுக் குடு, உனக்கும் ஒரு காப்பி எடுத்துக்கன்னு. மாசக் கணக்கா இழுத்தடிச்சான். பூஞ்சை புடிச்சிருக்கு அங்கிள், பாத்துதான் ஓட்டணும் அங்கிள். கடைசியா டிஸ்க்கு வந்துச்சு. அட்டையப் படிங்க. சுத்தமான இன்ஜின் சத்தம்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கானாம், என் மக படிச்சுச் சொன்னா. படத்துல இன்ஜினுக்கு நம்பர் இருக்கு, எந்த ஊருல செஞ்சதுன்னு இருக்கு. கொடியோட நிக்கிற எனக்குப் பேரு இல்ல. போவட்டும். அத நான் பெருசு பண்ணல. பண்ணுவேன், ஆனா அது வேற சண்ட.

அதுல இருந்து ஒண்ண எடுத்துட்டான் தம்பி. ஒரு குரல. வீட்டுல போட்டுப் பாருங்க, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள வருவா. தலமுடியெல்லாம் ஈரம். கம்பியப் புடிச்சிக்கிட்டு கத்துவா. வாய் அசையும். இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேக்கும். வேற எடத்துச் சத்தத்த எடுத்து மேல ஒட்டியிருக்கான்.

எங்க வீட்டம்மாதான். ராஜம்மா.

அன்னைக்கு நான் இன்ஜின் பக்கத்துல நின்னேன், என் காதுல ஒண்ணும் ஏறல. அந்த வெள்ளைக்காரன் வேலி ஓரமா, அவளுக்குக் கிட்டத்துல நின்னான். அவளப் பாத்தும் வெரல வாயில வெக்கிறான். ராஜம்மாவையா அடக்க முடியும்? அவ இன்னும் சத்தமாக் கத்துறா. நான் என்ன பண்றது, வேல நடக்குது, செவப்புக்கொடியக் காட்டுனேன். அவளுக்கு. இருடி, அப்புறம் வரேன்னு. அதப் பாத்துட்டு டிரைவர் நாகையா இன்ஜின நிறுத்திட்டு என்னத் திட்டுறாரு. யாருக்குய்யா கொடி காட்டுற, எனக்கா உம் பொண்டாட்டிக்கான்னு.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்னடி சொன்னன்னு கேட்டேன். செவப்புக்கொடி காட்டுனீங்கள்ல, அப்படியே நில்லுங்கன்னுட்டு உள்ள போயிட்டா. அதுல இருந்து எந்தச் சண்ட வந்தாலும் அது வந்துரும். அன்னைக்கு அப்படிக் கத்திச் சொன்னேனே, காதுல வாங்குனீங்களா? என்னதான் சொன்னேன்னு மட்டும் வாயே தொறக்கமாட்டா. கெஞ்சிப் பாத்துட்டேன், தெரியாட்டிப் போகுதுன்னும் இருந்து பாத்துட்டேன். நான் கோவத்த வெச்சிருக்குற ஆளுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அவ வெச்சிருந்ததுக்கு முன்னாடி என்னோடதெல்லாம் சில்லற.

போன தைப்பூசத்துக்கு அப்புறம் தவறிட்டா. சொல்லாமலே போயிட்டா. அதுக்கப்புறம்தான் மைலோ டின்னுல கெடந்த கேசட்டு ஞாபகம் வந்துச்சு, அவ கத்துனது அதுல இருக்குமேன்னு.

ஜெயராஜ்கிட்ட போய் நின்னேன். யாரோ ஒரு பொம்பள கத்திக்கிட்டு இருந்துச்சு அங்கிள், டிஸ்டர்பா இருந்துச்சு, எடுத்துட்டேன்ங்கிறான். அவ கையால டீ வாங்கிக் குடிச்சவன் தம்பி. யாரோ ஒரு பொம்பளயாம். கேசட்டு எங்கடான்னா, ஓட்டும்போது அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டாச்சு. கம்ப்யூட்டர்ல? அதுல சுத்தம் பண்ணது மட்டுந்தான் இருக்காம். சரி, அவ என்னடா சொன்னா, அதயாவது சொல்லுன்னேன். ஞாபகம் இல்லையாம். எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு திரும்பத் திரும்பக் கேக்காம எப்படி எடுத்திருப்பான், சொல்லுங்க? நான் வாசல்ல நின்னு கத்துனேன். இப்ப என்னப் பாத்தா வீட்டு கேட்டக் கூடத் தொறக்குறது இல்ல.

அவள அந்தப் படத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்தோம், நானும் மகளும். படம் மங்கல். மக ஒண்ணு சொல்றா, எனக்கு வேற ஒண்ணாத் தெரியுது.

எந்திரிங்க, ஷா ஆலம் வந்துருச்சு. பையப் புடிங்க. டிஸ்க்கு பத்திரம். ஞாயித்துக்கெழம போவீங்கள்ல, அந்த எடம் வர்றப்ப நீங்க மட்டும் கண்ண மூடாதீங்க. அவனப் பாத்துக் கேளுங்க, இந்தப் பொம்பள என்ன சொன்னுச்சுன்னு. உங்ககிட்ட சொல்லுவான். கிள்ளான்ல தெங்கு கிளானா ரோட்டு முக்குல பூக்கட பக்கம் வந்து ரயில்வேக்காரன்னு கேட்டா என்னக் காட்டுவாங்க. திட்டுனதாக் கூட இருக்கும். திட்டுனதா இருந்தாலும் அப்படியே சொல்லச் சொல்லுங்க, சுத்தம் பண்ணாம.