முதலில் காய்ந்த இடம்

லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் சார்ஜரைத்தான் திட்டுவார்கள். புதிதாக ஒன்று வாங்கிச் செருகிப் பார்ப்பார்கள். அதுவும் சரிவராதபோதுதான் என் கடைக்கு வருவார்கள். உங்கள் மேஜையில் இருப்பதற்கும் ஒருநாள் அப்படி ஆகலாம், சார். பதறிப்போய் பேட்டரியை மாற்றிவிடாதீர்கள். உள்ளே போர்டில் எங்கோ ஒரு ஷார்ட் இருக்கும்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. போர்டு முழுக்கப் போக வேண்டிய கரண்டை ஒரு பொடி உருப்படி உட்கார்ந்த இடத்திலேயே குடித்துவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே, அந்தக் கதைதான். போர்டின் மேல் ஸ்பிரிட்டைத் தடவிவிட்டு, கெட்ட லைனில் கொஞ்சமாகக் கரண்ட் கொடுப்பேன். கெட்டது சூடாகும். ஸ்பிரிட் எங்கே முதலில் காய்கிறதோ அங்கேதான் வியாதி. அதைப் பிடுங்கிப் போட்டால் போர்டு பிழைத்துக்கொள்ளும். அதே வேலையைச் செய்ய பக்கத்திலேயே நாலைந்து இருக்கும். ஒன்று போனால் குறை தெரியாது.

சகலையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

அவர் என் மனைவியின் அக்காள் கணவர். கடையில் நான் உள்ளே பெஞ்சில், அவர் முன்னால் கவுண்டரில். நல்ல மனிதர். சண்டைக்கு வந்த வாடிக்கையாளரும் அவரிடம் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். கடைக்கு மேலே வீடு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு என் மனைவி பேச்சை நிறுத்தினாள். எல்லோரிடமும் இல்லை, என்னிடம் மட்டும். கேட்டதற்கு ஒரு 'ம்' வரும், அவ்வளவுதான். சகலை மாடி ஏறினால் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் ஏறினால் நின்றுவிடும். நான் ராப்பகலாய் முதுகொடிய உழைத்துக் கொட்டுகிறேன், அதெல்லாம் எங்கே போகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதலில் அவளைத்தான் சோதித்தேன். முறை அதுதான். அவள் கையில் இருக்கும் தழும்புகளை உங்கள் போலீஸ் டாக்டர் எழுதியிருப்பார். சால்டரிங் அயர்னின் முனைதான், மறுக்கவில்லை. ஆனால் சூட்டைக் குறைத்துவைத்துத்தான் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் போனேன். அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றதும் கோளாறு அவளிடம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். மருந்தும் நானேதான் போட்டுவிட்டேன்.

பிறகு வீட்டுக்கே கொஞ்சம் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நானும் அவளும் மட்டும் வேறு ஊருக்குத் தனியாகப் போகப்போகிறோம், அங்கே அவளுக்கு போன் எல்லாம் தேவைப்படாது என்றேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அக்கா தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். சகலையின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் பெஞ்சில் ஒரு டீச்சரம்மாவின் லேப்டாப் இருந்தது. அதே கோளாறு, சார்ஜ் ஏறவில்லை. ஸ்பிரிட் தடவிக் கரண்ட் கொடுத்தேன். ஒரு கறுப்புச் சிப்பின் மேல் உடனே காய்ந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சகலை, அதுதானே என்றார். இல்லை என்றேன். கெட்டது இதைத் தாண்டி இருக்கிறது, அது இழுக்கிற இழுப்பை இது தாங்கிக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் சுடுகிறது என்று விளக்கினேன். கற்றுக்குட்டிகள் இந்த இடத்தில்தான் ஏமாந்து, நல்லதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தவறு வராது.

அவர் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"அவ கைய பாத்துட்டோம், சகல," என்றார். "எத்தன நாளா பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டோம். சாயங்காலம் அவள நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ தடுக்காத."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் ஒரு பழைய பவர் சப்ளை உண்டு. உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர், ஒரு கையால் தூக்க வராது. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தேன். டீச்சரம்மாவின் போர்டில் அடிபட்டுவிடக் கூடாதே. சகலை மாடிப்படிப் பக்கம் திரும்பியபோது காதுக்குப் பின்னால் அடித்தேன். சுவரில் சாய்ந்து, என் பக்கம் திரும்பினார். இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பற்கள் டைல்ஸில் சிதறின. கீழே விழுந்த பிறகும் படியைப் பார்த்துத்தான் தவழ்ந்தார். "மேல போகாத சகல" என்று சொன்னதாகத்தான் ஞாபகம். வாய் நிறைய ரத்தம், தெளிவாகக் கேட்கவில்லை. மண்டை அமுங்குவது கைக்குத் தெரியும்வரை அடித்தேன். பிறகு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. அதனால் மறுபடியும் அடித்தேன்.

கையைக் கழுவிவிட்டு, போர்டை முடித்தேன். சிப்பைத் தாண்டி ஒரு கடுகளவு கெபாசிட்டர், நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. எடுத்ததும் சார்ஜ் விளக்கு எரிந்தது. டீச்சரம்மா எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

சத்தம் கேட்டு என் மனைவி படியில் இறங்கி வந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தடை போய்விட்டது, இனிமேல் நீ பேசலாம் என்று அன்பாகத்தான் சொன்னேன். நான் ஒரு படி ஏறினேன், அவள் இரண்டு படி பின்னால் போனாள். அவள் அக்கா அவளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டுக்கொண்டாள். நீங்கள் வரும்வரை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றைப் பிடுங்கிய பிறகும் ஷார்ட் போகவில்லை என்றால், லைனில் இன்னொன்று இருக்கிறது. அது அவள் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள், முகத்தை நான் கவனிக்கவில்லை. இந்த விஷயத்தில் என் தப்பு என்றால் அது ஒன்றுதான்.

விலங்கு மாட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னய்யா இப்படிக் கொதிக்கிறது என்றீர்கள். கெட்டதைத் தேடித் தொடுகிறவன் விரல் சுடத்தான் செய்யும், சார். அதற்காக யாரும் விரலைச் சந்தேகப்பட மாட்டார்கள்.