வலது பக்கம் திரும்பாத கழுத்து

அந்தப் பக்கம் திருப்பாதீங்க டாக்டரம்மா... ஐயோ! சொன்னேன்ல? இடது பக்கம் எவ்வளவு வேணும்னாலும் திருப்புங்க, வாயே திறக்க மாட்டேன். வலது பக்கம் திருப்பி லேசா மேல தூக்குனா போதும், தோள்லேருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் ஓடும். கரண்ட் அடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், வெல்டிங்காரன் நான்.

இல்லல்ல, நேத்து அடிபட்டதுல வந்தது இல்ல இது. பழசு. வெளியில நிக்கிறாரே போலீஸ்காரர், அவரும் அதைத்தான் கேட்டாரு, மருமகன் அடிச்சதுல கழுத்து போச்சான்னு. அவன் கொடுத்தது இந்த உதடும் இந்த விலாவும்தான். கழுத்து என் தொழில் கொடுத்தது. எங்களுக்கு ரெண்டு கையும் வேலையில மாட்டியிருக்கும்மா. முகமூடியை இறக்கணும்னா தலையை வெடுக்குன்னு ஒரு ஆட்டு ஆட்டணும், டப்புன்னு விழும். நாள் பூரா அதேதான். மீசை முளைச்ச நாள்லேருந்து ஆமாம் ஆமாம்னு தலையாட்டியே எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை பிதுங்கிப்போச்சு.

ஸ்கேன் பாத்த டாக்டர் அப்பவே சொன்னாரு. பிதுங்குனது நரம்பை மிதிச்சுக்கிட்டு நிக்குது, குனிஞ்சா இன்னும் பின்னால தள்ளும், அண்ணாந்தா நரம்பு வெளிய வர்ற ஓட்டை சுருங்கும், ரெண்டும் ஆகாதுன்னாரு. குனியாம, அண்ணாந்து பாக்காம நான் கம்பியை எங்கேருந்து பத்த வைக்கிறது? கழுத்துப் பட்டையை மாட்டிக்கிட்டுப் போய்க்கிட்டுதான் இருந்தேன். வலி தாங்கலைன்னா கையைத் தூக்கித் தலைமேல வச்சுக்குவேன், நரம்பு கொஞ்சம் தளரும். பாக்குறவனெல்லாம் என்னய்யா, குடி முழுகிப்போச்சான்னு கேப்பான்.

இருங்க, அதுக்குத்தான் வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு. மருந்துக்கடையில நிக்கிறா. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தா. சமையல்கட்டுல நின்னவளைப் பக்கவாட்டுலேருந்து பாப்பான்னு கூப்பிட்டேன். கழுத்தைத் திருப்பல. தோளு, இடுப்பு எல்லாத்தையும் சேத்து, பீரோவை நகத்துற மாதிரி மொத்தமா திரும்புனா. அது என் திரும்பல்மா. கழுத்து கெட்டவன்தான் அப்படித் திரும்புவான். தலகாணி சரியில்லப்பான்னா. தலகாணி முடியைப் பிடுங்குமா? காதுக்குப் பின்னால உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்ல. அவ அம்மா தொட்டதும் உடைஞ்சுட்டா. புருஷன் சடையைக் கையில சுத்திக்குவானாம். குழாய் சொட்டுது, பாரு. வாசப்படியில மண்ணு, பாரு. அப்படியே இழுத்துத் திருப்பி மூஞ்சியைக் கொண்டுபோய் மோதுவானாம்.

போகாதேன்னோம். அவர் மாறிடுவாருப்பான்னு மறுநாளே போயிட்டா.

நேத்து பட்டறையில இருக்கேன், போன். அழுகை இல்ல, ஒன்னும் இல்ல. அப்பா, வலது கை மரத்துப்போச்சுப்பா, சீப்பைப் பிடிக்க முடியலன்னா. அவ்வளவுதான் கேட்டேன், போட்டது போட்டபடி கிளம்பிட்டேன். பின்தெருதான் அவ வீடு. உள்ள போனா, தரையில உக்காந்து கையைத் தலைமேல வச்சிருக்கா. யாரும்மா அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தா? வலியே சொல்லிக்கொடுத்திருக்கு.

பேசத்தான் போனேன். மாமா, இது எங்க வீட்டு விஷயம்னான். அந்தக் கழுத்து எங்க வீட்டுக் கழுத்துடான்னேன். வாயிலேயே ஒன்னு விட்டான். விழுந்தவனை விலாவுல மிதிச்சான். அதைக்கூட விடுங்க. அப்பாவை விட்டுருங்கன்னு இவ குறுக்க வந்தா. என் கண்ணு முன்னாடியே அந்தச் சடையைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்துனான். அவ கழுத்துலேருந்து சத்தம் வந்துச்சும்மா. நான் கேட்டேன். எப்படி எந்திரிச்சேன்னு தெரியல, அவன் கன்னத்தைப் பாத்து ஓங்கி ஒரு அறை.

பொண்ணு மேல வார்டுல இருக்கா. விரல்ல உணர்ச்சி வருதாம், அவ அம்மா சொல்லிட்டுப் போனா. அவன் கீழ, பிணவறையில.

ம்? ஊசியா? சுண்டுவிரல்ல சுருக்குன்னுச்சு. ஆள்காட்டி விரல்... குத்திட்டீங்களா? தெரியலம்மா. கட்டைவிரலும் அப்படித்தான். இதைத்தான் போலீஸ்காரர்கிட்டச் சொன்னேன், அவர் நம்பல. பத்த வச்ச இடத்துல படிஞ்ச கசடைத் தட்டிக்கிட்டிருந்தப்பதான் போன் வந்தது. இடது கையில போன், வலது கையில கூர்மூக்குச் சுத்தியல். மூடுன விரல் மூடுனபடியே ஓடியாந்திருக்கேன். இருக்கா இல்லையான்னு கைக்குத் தெரியாது. பட்டை போட்ட கழுத்து, குனிஞ்சு பாக்கவும் முடியாது. வெறுங்கைன்னு நினைச்சுதான் அறைஞ்சேன். அவன் சுவரோட சரிஞ்சப்புறம், என் கையைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்தேன். அப்பதான் தெரிஞ்சது.

ஓ, நரம்பு மரத்திருக்கு, தெரியாமப் பட்டிருக்கும்னு எழுதித் தர்றீங்களா? நல்ல மனசும்மா உங்களுக்கு.

முத அடிக்கு அப்படி எழுதிக்கோங்க. அதுக்கப்புறம் அடிச்சதெல்லாம் பாத்து அடிச்சதுதான்.