நெட்டைக்கால் ஈக்களின் கூட்டுக்குடும்பம்

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! இந்த அருங்காட்சியகத்தைக் கட்டிக்காக்கும் பெரியோர்களே! வீட்டில் ஈயை விரட்டிவிட்டு, இங்கே ஈயின் பெருமை கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! பூச்சிக்கூடத்து ஊழியனின் பணிவான வணக்கம்.

ஈக்கா இத்தனை பெரிய விழா என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். ஆம் ஐயா, ஈக்குத்தான்! ஆனால் எந்த ஈ? பச்சைப் பட்டாய்ப் பளபளக்கும் ஈ. நெல்மணியளவு உடலுக்கு நெடுநெடுவென்று கால் வாய்த்த நெட்டைக்கால் ஈ!

இதோ மேடையில் இருக்கும் எங்கள் அண்ணனும் அண்ணியும், ஒரே மேசையில் எதிரெதிரே நுண்ணோக்கி வைத்து அந்த ஈக்களை ஆய்ந்தவர்கள். காலில் கறுப்பு மயிர்க்கற்றை உள்ளவற்றைத் தனிப் பேரினம் என்றார் அண்ணன். வெறுங்கால் ஈக்களை வேறு பேரினம் என்றார் அண்ணி. அவருக்கு ஓர் அலமாரி, இவருக்கு ஓர் அலமாரி. அண்ணனிடம் இருந்தவை அத்தனையும் ஆண். அண்ணியிடம் இருந்தவை அத்தனையும் பெண். தம் ஈக்குப் பெண் தேடி அவர் அலைந்தார். தம் ஈக்கு ஆண் தேடி இவர் அலைந்தார். தேடியது எங்கே இருந்தது? எதிர் அலமாரியில் இருந்தது! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள், அவர்களே சிரிக்கிறார்கள்.

ஒருநாள் தேநீர்க் குவளையைக் கழுவப் போனார் அண்ணன். தொட்டியின் ஈர விளிம்பில் மயிர்க்கால் ஈ ஒன்று, வெறுங்கால் ஈயின் முன்னே காலைத் தூக்கி ஆட்டியது. ஆடியது, அசைந்தது, அருகில் போனது, கடைசியில் கூடியே விட்டது. நாம் பிரித்து வைத்திருந்தது ஒரு கணவனையும் மனைவியையும்!

இரண்டும் ஒன்றென்றால், முதலில் அச்சேறிய பெயர்தான் நிலைக்கும். அதுதான் விதி. முந்தியது அண்ணியின் கட்டுரை. ஏன் முந்தியது? அதற்குப் படம் வரைவதற்காக அண்ணன் தம் கட்டுரையை ஓரமாய் வைத்தார். அவர் வாழ்நாளில் பெயரிட்ட பேரினமோ அது ஒன்றுதான். அந்தக் காட்சியைக் கண்டவரும் அவர் ஒருவர்தான். வாய் திறக்காமல் குவளையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவரோ அண்ணியைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாரும்மா. உன் ஈயும் என் ஈயும் குடும்பம் நடத்துது.”

பார்த்த அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப நீங்க வச்ச பேரு போயிடுமே?”

“போனா போகட்டும். அதுங்க சேர்ந்திருக்கட்டும்.”

என் நெஞ்சு நிறைந்துவிட்டது, பெரியோர்களே! ஆனால் அண்ணி விடுவாரா? பேரினம் என்றால் பெயர் மட்டும் போதாது, அடையாளமும் வேண்டுமே. புதிய விளக்கத்தை எழுத உட்கார்ந்தவர் நிமிர்ந்து சொன்னார்: “பேரு என்னோடதா இருக்கட்டும். அடையாளம் உங்க ஈயோட காலுதாங்க.”

ஆகவே, இனி இந்த ஈயை எவர் கண்டாலும், அண்ணி வைத்த பெயரை உச்சரிக்கும் முன்னே அண்ணன் கண்டு சொன்ன மயிர்க்காலைப் பார்த்தாக வேண்டும்!

சற்று நேரத்தில் தலைவர் இரண்டு அலமாரிகளையும் ஒன்றாக்குவார். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டுத் தொட்டி விளிம்பில் ஒரு நெட்டைக்கால் ஆடக் கண்டால் கையை ஓங்கிவிடாதீர்கள், தாய்மார்களே. அங்கே கல்யாணப் பேச்சு நடக்கிறது. வணக்கம்!