திங்கள் மாலை வகுப்புக்குப் போகவேண்டிய எங்கள் அக்காவுக்கு

வெள்ளையெல்லாம் வெள்ளையாய் விளங்கவைத்த வித்தகியே! உறுமும் இயந்திரங்களையும் ஒரே அதட்டலில் ஓயவைத்த உறுதியே! மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளராய் முப்பத்தோராண்டு மூச்சுவிட நேரமின்றி முனைந்து நின்ற எங்கள் மூத்தவரே! அக்கா, வணக்கம். இந்தப் பாராட்டு விழாவில் தங்களை வாழ்த்தவும் வந்தோம், வழக்காடவும் வந்தோம்.

பள்ளிப் படிப்போடு நின்றுபோய்ப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வந்த அன்றே தாங்கள் கேட்டது, துவைக்கத் தெரியுமா என்றல்ல, எத்தனை மதிப்பெண் என்றுதான். மறுவாரமே மாலைக் கல்லூரி விண்ணப்பம் கைக்கு வந்துவிடும். கைக்குழந்தை இருக்கிறது என்றாள் ஒருத்தி. முப்பத்தாறு வயதாகிறது, ஊர் சிரிக்கும் என்றார் துணி உலர்த்தும் அண்ணன். அனைத்தையும் கேட்டுக்கொண்டே தாங்கள் பென்சிலைச் சீவினீர்கள். எவர் வகுப்போடும் வேலைநேரம் மோதாதபடி பணிப்பட்டியலை அழித்தழித்து எழுதினீர்கள். ஆள் கிடைக்காத கட்டத்தில் தங்கள் பெயரையே போட்டுக்கொண்டீர்கள். "துணி காத்துக்கிட்டு இருக்கும். பரீட்சை காத்துக்கிட்டு இருக்காது. கெளம்பு." தங்கள் அறிவுரை அவ்வளவுதான்.

அப்படி ஒரு தேர்வு நாளில் மூவர் வேலையை ஒருவராய்ச் செய்தபோதுதான், அறுவை அரங்கின் பச்சைத் துணிகளோடு மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் வெந்நீரில் போட்டீர்கள். தலைமை மருத்துவர் உட்பட அனைவரும் ஒரு வாரம் பச்சைப்பசேலெனப் பவனி வந்தனர். நிர்வாகம் விளக்கம் கேட்டது; பிள்ளைகள் தேர்வெழுதினார்கள் என்று ஒரே வரியில் பதில் தந்தீர்கள். அந்த மூவரில் ஒருவர் இன்று மருத்துவ ஆவணப் பிரிவின் பொறுப்பாளர். இஸ்திரி மேசையிலேயே நிற்கும் எங்களுக்கும் கல்லூரி வீணாகவில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்த்து, புரியாததை நிமிர்ந்து கேட்ட பிறகே கையெழுத்திடுகிறோம்.

இனி வழக்கு. பதினேழு வயதில் கிடைத்த கல்லூரி இடத்தைத் தம்பி தங்கைகளுக்காக விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர் தாங்கள். சென்ற மாதம் சத்தமில்லாமல் அதே கல்லூரியின் மாலை வகுப்புக்கு விண்ணப்பித்தீர்கள். வரலாறு படிக்க இடமும் கிடைத்தது. கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தோம்! நேற்றோ, போகப்போவதில்லை என்கிறீர்கள். "நான் போயிட்டா பட்டியலை யாரு போடுவா? இந்தப் பிள்ளைங்க படிப்பு என்னாகும்?" என்று கேட்கிறீர்கள். எங்கள் சாக்குகளில் ஒன்றையாவது தாங்கள் ஏற்றதுண்டா, அக்கா?

அடுத்த மாதப் பட்டியலை நாங்களே போட்டுவிட்டோம். பதினொரு முறை அழித்ததில் தாள் கிழிந்தது, சண்டையும் வந்தது. ஆனால் எவர் வகுப்பும் விடுபடவில்லை. கடைசி வரியில் தங்கள் பெயரும் இருக்கிறது: திங்கள் மாலை ஆறு மணி, வரலாற்று வகுப்பு. விடுப்பு கேட்டால் கிடைக்காது.

நூறாண்டு நோயின்றி நிறைவாய் வாழ்க! அதில் வரும் மூன்றாண்டு முன்வரிசையில் அமர்க!

அன்பு மாறாத,
சலவைக்கூடப் பணியாளர்கள் பதினால்வர்

குறிப்பு: கீழே பதிமூன்று கையெழுத்துகளே உள்ளன. இஸ்திரி மேசைத் தங்கைக்கு இன்று தேர்வு. அக்காவின் விழாவை விட்டுப் போகமாட்டேன் என்று அழுதாள். நாங்கள்தான் அனுப்பிவைத்தோம்.